ஹவில்தார் கழற்றிய தொப்பி

அந்தக் கை மேலே போவது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மார்கழி மாதத்து விடியல். அரியலூரில் எங்கள் கல்லூரி மைதானம் பாதி பனியிலும் பாதி சுண்ணாம்புத் தூசியிலும் மூழ்கிக் கிடக்கும். எது பனி, எது தூசி என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து வேப்பமரங்களின் இடுப்பளவுக்கு வெள்ளையாக நிற்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு காக்கி உருவம் வரும். முதலில் பூட்ஸ் சத்தம், பிறகு தோள், பிறகு தொப்பி. என்னைக் கண்டதும் வலது கை விறைப்பாக எழும்பும். ஒவ்வொரு தடவையும் என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும், என் கையும் பதிலுக்கு எழும்பத் தயாராகிவிடும். அந்தக் கை நெற்றியில் நிற்காது. அதையும் தாண்டி மேலே போய்த் தொப்பியைப் பிடித்துக் கழற்றி இடது கைக்கு மாற்றிவிடும். பிறகு குதிகால் இரண்டும் சேரும். வெறுந்தலையோடு விறைத்து நின்று "ஜெய்ஹிந்த் சார்" என்பார் ஹவில்தார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பட்டாள வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் பட்டாளத்தில் தலையில் தொப்பி இல்லாதவன் சல்யூட் அடிக்கக் கூடாது. வெறுந்தலைக்காரன் நேராக நின்று வாயால் வணக்கம் சொன்னால் போதும். யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆக, எனக்கு சல்யூட் அடிக்காமல் தப்பிக்க அந்த மனிதர் கண்டுபிடித்திருந்த வழி, என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிடுவது. பாம்பும் சாகாது, கம்பும் உடையாது. நானும் கேள்வி கேட்க முடியாது.

நான் அப்போது அங்கே நிலவியல் சொல்லிக்கொடுத்த விரிவுரையாளன். எழுபதுகளின் பின்பாதி. கல்லூரி மாணவர் படைக்கு ஓர் அதிகாரி தேவைப்பட்டபோது, இளவட்டமாக இருக்கிறான், கல்யாணமும் ஆகவில்லை என்று முதல்வர் என்னைப் பிடித்துப் போட்டார். வடக்கே ஒரு பொட்டல் ஊரில் சில மாதம் பயிற்சி. திரும்பி வரும்போது தோளில் ஒற்றை நட்சத்திரம், பெயருக்கு முன்னால் செகண்ட் லெப்டினன்ட். வாரநாளெல்லாம் கையில் சாக்பீஸ், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இடுப்பில் பெல்ட். பாதி நேர ஆபீசர். ஹவில்தாரோ முழுச் சிப்பாய். குன்னம் பக்கத்துக்காரர், வெங்காயமும் பருத்தியும் போடும் சொந்தக் காட்டுக்காரக் குடும்பம். சண்டையைக் கண்ணால் பார்த்தவர். பையன்களுக்கு அணிவகுப்பும் துப்பாக்கியும் பழக்குவதற்காகத் திருச்சியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, ஸ்டோர் அறையை ஒட்டிய சின்ன அறையில் தங்கியிருந்தார். கையில் மூன்று பட்டை. நெடுநெடுவென்று உயரம். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், குரலைத் தாழ்த்துவார். பையன்கள் அதற்குத்தான் பயப்படுவார்கள். இந்த மாதிரி முழுச் சிப்பாய், என்னைப் போன்ற பாதி ஆபீசருக்கு சல்யூட் அடிக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு பேச்சு இருந்தது. சல்யூட் நட்சத்திரத்துக்கு, ஆளுக்கு இல்லை, ஆகவே அடித்தே தீர வேண்டும் என்பார் அவ்வப்போது திருச்சியிலிருந்து வரும் மேஜர். சிப்பாய்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு.

ஒரு சல்யூட்டுக்கு இவ்வளவு அலட்டலா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு மட்டும் என்றால் தூசியாகத் தட்டிவிட்டுப் போயிருப்பேன். நடுவில் எங்கப்பா இருந்தார். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் என்று சொல்லக் கூடாது, ஊருக்கு வெளியே காலனி. அப்பா பண்ணையில் வேலை செய்து வளர்ந்தவர், பண்ணை வேலை பார்த்தே எங்களை வளர்த்தவர். அவர் தோளில் துண்டு கிடந்து நான் பார்த்தது எங்கள் தெருவுக்குள் மட்டும்தான். தெருமுனை தாண்டினால் அது கக்கத்துக்குப் போய்விடும். ஊர்த்தெருக்காரர் யார் எதிரே வந்தாலும், அது அரைக்கால் சட்டை போட்ட பையனாகவே இருந்தாலும், கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்பார். தலையில் முண்டாசு இருந்தால் அதுவும் இறங்கிவிடும். எங்கள் காலத்தில் யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லி அதட்டியதாகக் கூட எனக்கு ஞாபகம் இல்லை. கை தானாகப் போகும். பஸ் கண்டக்டருக்கும், ரேஷன் கடைக்காரருக்கும், என் கல்லூரி முதல்வருக்கும் போகும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சண்டை போட்டிருக்கிறேன். "பழக்கம்பா" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

பயிற்சி முடிந்து ஊருக்குப் போனபோது வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. "இனிமே பட்டாளத்துக்காரங்க எனக்கு சல்யூட் அடிப்பாங்கப்பா" என்றேன். எந்த ஊர்க்காரர், யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் அப்பா முதலில் கேட்டார். எங்கள் கல்லூரி ஹவில்தார் குன்னம் பக்கம், சொந்தக் காடு, கிணறு எல்லாம் உண்டு என்றேன். "அப்ப பெரிய வூட்டுப் புள்ள" என்றார் மெதுவாக. கொஞ்ச நேரம் கழித்து, "அவரு ஒனக்கு சல்யூட்டு அடிப்பாரா, தம்பி?" என்றார். "அடிச்சுத்தானே ஆவணும், அது சட்டம்" என்று நான் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை, சந்தோஷமும் காட்டவில்லை. கடலை பிடுங்கி முடிந்ததும் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றார். அவ்வளவுதான். எங்கப்பா எதையும் கேட்காத மனிதர். கல்யாணச் சாப்பாட்டில் கூட இன்னொரு கரண்டி கேட்கமாட்டார். அவர் வாய் திறந்து, வந்து பார்க்கிறேன் என்று சொன்ன ஒரே விஷயம் இது. கல்லூரிக்குத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே ஹவில்தாரின் தொப்பி கழன்றபோது எனக்குள் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. எதிரே வந்தால்தானே கழற்றுகிறார், திடீரென்று முன்னால் போய் நின்றால் என்ன செய்வார் என்று ஒரு நாள் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டேன். அந்த மனிதருக்குப் பாம்புச் செவி. நான் மரத்தைச் சுற்றி வருவதற்குள் தொப்பி கைக்குப் போயிருந்தது. இன்னொரு நாள் அவர் ஸ்டோர் அறையில் குனிந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார், தலையில் தொப்பி அப்படியே இருந்தது. இன்று மாட்டினீர்கள் என்று சத்தமில்லாமல் வாசலில் போய் நின்றேன். நிமிர்ந்தார். இரண்டு கையிலும் கைக்கொன்றாக மரத்துப்பாக்கி. கை நிறையச் சுமை இருப்பவன் சல்யூட் அடிக்க வேண்டாம், முகத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும் என்று அதற்கும் ஒரு விதி இருக்கிறது. முகத்தை டக்கென்று என் பக்கம் திருப்பி "ஜெய்ஹிந்த் சார்" என்றார். துப்பாக்கிகளை நான் வாசலுக்கு வந்த பிறகுதான் எடுத்தார் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன், ஆனால் யாரிடம் செய்வது. சைக்கிளில் வந்தால் இரண்டு கையும் ஹேண்டில்பாரில், நெஞ்சு நிமிர்ந்திருக்கும், பார்வை என் மேல் இருக்கும். அதுவும் விதிப்படி சரி. மரியாதைக் குறைவு என்று நகத்தளவு கூட எடுத்துக்காட்ட முடியாது. அத்தனை மரியாதையாக அவமரியாதை செய்யத் தெரிந்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எனக்குள் அரித்தது வேறு. அது பாதி ஆபீசர் என்பதற்காகவா, இல்லை காலனிக்காரன் என்பதற்காகவா. எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வி கூடவே பிறந்தது. பஸ்ஸில் ஒருவன் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போனால் கூட, இறங்கும் இடம் வந்ததா அல்லது என்னால் எழுந்தானா என்று மனசு கேட்டுவிடும். ஒரு நாள் எங்கள் துறையின் அட்டெண்டரிடம் சாடைமாடையாக விசாரித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்கு முன்னாடி இருந்த வணிகவியல் சாருக்கும் இதே கதைதான் சார். அவரு பெரிய குடும்பம், காரு கீரு எல்லாம் உண்டு. அவருக்கும் இந்த ஆளு தொப்பியத்தான் கழட்டுவாரு. அவரு வெறுத்துப்போயி மாத்தல் வாங்கிட்டாரு" என்றார். வயிற்றில் பால் வார்த்தார் அந்த அட்டெண்டர். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்தது. அவருக்கு ஒரு காரணம் என்றால் எனக்கு இரண்டு காரணமாக இருக்கலாமே. மனசு என்பது அப்படித்தான், நல்ல செய்தியைக் கூட உரசிப் பார்க்காமல் விடாது.

மேஜரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை வாய் வரைக்கும் வந்தது. அவர் ஆய்வுக்கு வந்திருந்தார். ஹவில்தார் அவருக்கு அடித்த சல்யூட்டை அன்றுதான் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். என்ன அழகு அது. கை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை, நடுவில் ஒரு கணம் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பூவரச மர நிழலில் டீ குடித்தபடி, "எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா?" என்று மேஜர் என்னைக் கேட்டபோது ஹவில்தார் பக்கத்திலேயேதான் நின்றார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரா என்பதும் தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும், மறுநாளே அவர் கை நெற்றிக்கு வந்திருக்கும். ஆனால் கேட்டு வாங்கினால் அது மரியாதை இல்லை, கூலி. அதையா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டுவது. "எல்லாம் ஒழுங்கு சார்" என்றேன்.

அந்த வருஷ முகாமை அரியலூருக்குக் கிழக்கே, கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றின் கரையில் போட்டிருந்தோம். அந்த நாட்கள் எனக்குக் கனவில் நடந்தவை போலவே இருக்கின்றன. பார்த்த இடமெல்லாம் வெள்ளை. குழிக்குள் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு மாதிரிப் பச்சையாக, அசையாமல் கிடக்கும். தூரத்தில் சிமெண்ட் ஆலைப் புகை ஒரே இடத்தில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டிய பையன்களுக்கு மண்வெட்டிக்கு மண்வெட்டி சிப்பியும் சங்கும் அகப்பட்டன, எல்லாம் கல்லாகிப்போனவை. சாயங்காலம் நான் குழிக்கரையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஹவில்தார் வந்தார். பனியனும் கால்சட்டையும், தொப்பி இல்லாததால் இருவருக்கும் சங்கடம் இல்லை. உள்ளங்கையில் ஒரு சங்குக்கல். சுருள் சுருளாக, வெல்லத்தில் செய்த முறுக்கு மாதிரி இருந்தது. "இதெல்லாம் கடலா இருந்துச்சுன்னு பசங்ககிட்ட சொன்னீங்களாமே சார். நெசமாவா?" என்றார். நிஜம்தான், இங்கிருந்து உங்கள் காடு வரைக்கும் தண்ணீர்தான், நாம் இப்போது கடலுக்கடியில் உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். அவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார், ஏதோ அங்கே படகு போவது போல. "அப்ப யாரு காடு, யாரு வரப்புன்னு சண்டையே இருந்திருக்காது" என்றார். இருவரும் சிரித்தோம்.

சிரித்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "என்னைப் பாத்தா ஏன் தொப்பியக் கழட்டுறீங்க?" அவர் மழுப்பவில்லை. சங்கைக் கையில் உருட்டியபடியே இருந்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். இந்த மூணு பட்டை என் கையில ஏறுறதுக்குள்ள பாதி முடி போயிடுச்சு. பனிமலையில நின்னிருக்கேன். கூட இருந்தவன் செத்து விழுந்ததப் பாத்துருக்கேன். எங்க லெப்டினன்ட்டு எனக்கு முன்னால போவாரு, நான் பின்னால போவேன். அவருக்கு அடிச்ச கை இது. உங்களுக்கு நாலு மாசத்துல நட்சத்திரத்தக் குத்திவுட்டுட்டாங்க. நீங்க நல்ல வாத்தியாரு, அதுல சந்தேகமே இல்ல. வாத்தியாருன்னா நான் கையெடுத்துக் கும்புட்டுருவேன். இது வேற சார்." கோபமாகச் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னார். அதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். நியாயமில்லாத ஆளாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அப்பா வரப்போகிறார், அவர் கண்முன்னால் ஒரே ஒரு தடவை என்று கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. சங்கை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

கடலை பிடுங்கி முடிந்தது. சொன்னபடி அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். நான் வாங்கிக் கொடுத்திருந்த வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கேட்டில் அவரைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தோளில் கிடந்திருக்கும் போல. கேட்டைத் தாண்டும்போது துண்டு கக்கத்துக்குப் போயிற்று. வேப்பமரத்தடிக்கு வந்து, நிழலிருந்தும் நிழலுக்குள் வராமல் ஓரத்தில் நின்றுகொண்டார். வெள்ளைத் தூசியில் பையன்கள் வரிசை வரிசையாகப் போய்வந்தார்கள். மாணவத் தலைவன் எனக்கு சல்யூட் அடித்து அணிவகுப்பை ஒப்படைத்தான். அப்பா அதைப் பார்த்தார். ஆனால் மாணவன் வாத்தியாருக்கு அடிப்பது அவர் பார்க்க வந்தது இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹவில்தார் வழக்கப்படி வரிசைகளுக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. ஆணையைக் கூட ஒரு தடவை மாற்றிச் சொல்லிவிட்டேன், பையன்கள் திணறிப்போனார்கள்.

அணிவகுப்பு கலைந்து பையன்கள் பூரி கிழங்கு தின்ன ஓடினார்கள். நான் அப்பாவிடம் போனேன். என் தோளிலிருந்த நட்சத்திரத்தை உற்றுப் பார்த்தார், தொடவில்லை. "எளச்சுட்டியேப்பா" என்றார். பதில் சொல்வதற்குள் அந்த பூட்ஸ் சத்தம் கேட்டது. ஸ்டோர் அறைக்குப் போகும் பாதை எங்களைத் தாண்டித்தான் போகிறது. ஹவில்தார் நேராக வந்துகொண்டிருந்தார். கை இரண்டும் காலி, சைக்கிள் இல்லை, தலையில் தொப்பி. அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். இன்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று எந்தச் சாமியையும் கும்பிடாத நான் கும்பிட்டேன். வலது கை எழும்பியது. நெற்றியைத் தாண்டியது. தொப்பி கழன்றது. குதிகால் சேர்ந்தது. "ஜெய்ஹிந்த் சார்." நானும் ஜெய்ஹிந்த் என்றேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா என்னைத் தாண்டி முன்னால் போனார். ஊர்த்தெருக்காரர் ஒருவரை நோக்கி அவர் தானாக நடந்து போய் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "சாமி, தொப்பியப் போட்டுக்குங்க" என்றார். ஹவில்தாருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. "எம்புள்ளைக்காவ நீங்க தலையத் தொறந்துகிட்டு நிக்கக் கூடாது சாமி. நாங்க அப்படி நின்னவங்க. ஒரு மனுசன் முன்னால இன்னொரு மனுசன் தலைத்துணிய எடுத்துட்டு நின்னா உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வவுறு எரியும். அந்த எரிச்சல் எம்புள்ள மேல விழ வாணாம். போட்டுக்குங்க."  கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் உலகத்தில் தலையைத் திறப்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஹவில்தார் தப்பிப்பதற்காகச் செய்ததை, தாழ்ந்து நிற்பதாக அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவர் தன் மகனுக்கு முன்னால் அப்படி நிற்கிறார் என்று நினைத்தபோது அவருக்குப் பெருமை வரவில்லை, வலித்திருக்கிறது. இல்லையப்பா, அது மரியாதையே இல்லை, என்னை மதிக்காததற்கு அடையாளம் அது என்று நான் சொல்லியிருக்க வேண்டுமா? ஹவில்தார் என்னைப் பார்த்தார். சொல்லப்போகிறாயா என்று கேட்கும் பார்வை. நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. பழுத்த வேப்பிலை உதிர்ந்துகொண்டிருந்தது. மைதானத்தில் பையன்கள் கிளப்பிவிட்ட தூசி இன்னும் இறங்காமல் வெயிலில் மிதந்தது, எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பது போல மெதுவாக இருந்தது எனக்கு.

ஹவில்தாரின் பார்வை என்னிடமிருந்து அப்பாவிடம் போயிற்று. முகத்தில் கொஞ்ச நேரம், பிறகு கீழே, கக்கத்தில் இடுக்கியிருந்த துண்டில். அங்கேயே நின்றது. அந்த மாதிரித் துண்டுகளை அவர் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பார், அவர் வீட்டு வாசலில், அவர் களத்துமேட்டில், அவரைக் கண்டதும் இறங்கும் துண்டுகளை. "பெரியவரே" என்றார், பையன்கள் பயப்படும் அந்தத் தாழ்ந்த குரலில். "நீங்க மொதல்ல துண்டைத் தோள்ல போடுங்க. அப்பறம் நான் தொப்பியப் போடுறேன்."

"எனக்கு இது பழக்கம் சாமி."

"எனக்கும் இது பழக்கந்தான். போடுங்க."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.  துண்டை எடுத்தார். உதறினார், அதில் தூசி எதுவும் இல்லை. மறுபடி மடித்தார். பிறகு பிறத்தியார் துண்டைப் போடுவது போலத் தோளில் போட்டு, விழுந்துவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஹவில்தார் தொப்பியை இரண்டு கையாலும் தலையில் வைத்து, வலப்பக்கம் இழுத்துவிட்டு, இடது புருவத்துக்கு மேலே பித்தளை வில்லையைச் சரி செய்தார். அவசரமே இல்லை. குதிகால் சேர்ந்த சத்தத்தில் மரத்திலிருந்து ஒரு காகம் பறந்தது. கை எழும்பி, இந்த முறை நெற்றியில் நின்றது. மேஜருக்கு அடித்தாரே அதே சல்யூட், அதைவிட ஒரு கணம் கூடுதலாகவே நின்றது. என் கை தானாக எழும்பிப் பதில் அடித்தது. கண்ணில் நீர் மறைத்துக்கொண்டு வந்ததால் அவர் கை எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. பூட்ஸ் சத்தம் ஸ்டோர் அறைப் பக்கம் போவதை மட்டும் கேட்டேன்.

"அவரு கோவிச்சுக்கலியேப்பா?" என்றுதான் அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். சல்யூட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பூரி தின்றார், நன்றாக இருக்கிறது என்றார். பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், துண்டு தோளில்தான் இருந்தது. மீன்சுருட்டியில் இறங்கும்போது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். பேங்க் வாசலில் நிற்கும் காவலாளி போகிற வருகிற எல்லாருக்கும் சல்யூட் அடிக்கிறார், எனக்கும் அடிக்கிறார், நானும் சிரித்துவிட்டு உள்ளே போகிறேன். அரியலூருக்குப் போனால் மைதானத்தில் அந்த வெள்ளை இன்னும் இருக்கிறது. இப்போது அது லாரிப் புழுதி என்று சொல்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அன்று நான் மைதானத்துக்குப் போன போக்கே வேறு. சட்டைக்குக் கஞ்சி கொஞ்சம் கூடுதல், நடையில் கொஞ்சம் மிடுக்கு. இனி வழக்கு முடிந்தது என்று நினைப்பு. பனிக்குள்ளிருந்து பூட்ஸ் சத்தம் வந்தது, தோள் வந்தது, தொப்பி வந்தது. கை எழும்பியது. நெற்றியைத் தாண்டி மேலே போயிற்று. "ஜெய்ஹிந்த் சார்" என்றார் ஹவில்தார், வெறுந்தலையோடு. எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு ஜெய்ஹிந்த் சொன்னேன். அவர் வழக்கமாக உடனே போய்விடுவார். அன்று போகாமல் நின்றார். "அப்பா நல்லா இருக்காங்களா சார்?" என்றார். இருக்கிறார் என்றேன். "கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு பனிக்குள் போனார்.

ஸ்டோர் அறை வரை நடப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. வேட்டி கட்டிய ஆளுக்குச் சிப்பாய் சல்யூட் அடிக்கக் கூடாது. விதி அப்படி. எல்லா விதியையும் கரைத்துக் குடித்திருந்த அந்த மனிதர், என் விஷயத்தில் ஒரு விதியையும் மீறாத அந்த மனிதர், போன வாரம் வேப்பமரத்தடியில் மீறியிருந்தார். அன்றைக்கு அவர் கண் எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். என் முகத்தில் இல்லை. எனக்குப் பக்கத்தில், துண்டு கிடந்த தோளுக்கு நேராக இருந்தது. அப்பாவுக்கு வந்த சல்யூட்டுக்கு நடுவில் புகுந்து நான் பதில் அடித்து வைத்திருக்கிறேன், நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது, அழுதுவிடுவேனோ என்று பயப்படும் அளவுக்குச் சந்தோஷம். அவர் மாற்றலாகிப் போகும் வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். நான் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு வர வேண்டியது வந்து சேர்ந்துவிட்டது.